டைப் ரேட்டிங் பணத்தை யார் கட்டுவது?

(சங்கத்தின் வருடாந்திரக் கூட்டத்தையொட்டி நடந்த வேலை வழிகாட்டி அமர்வில், ஓய்வு பெற்ற விமானியான நமது அங்கத்தினர் ஒருவர் ஆற்றிய உரை. கேள்வி பதிலுடன் இங்கே தரப்படுகிறது.)



"விமானி ஆவது எப்படி" என்ற தலைப்பில் பேசச் சொல்லித்தான் காரியதரிசி என்னைக் கூப்பிட்டார். அதைவிட அவசரமான கேள்வி ஒன்று இருக்கிறது, அதைப் பற்றிப் பேசுகிறேனே என்று அவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டேன். சில வருஷங்களாகவே மும்பை, புனே, பெங்களூர், டில்லி என்று பல ஊர்களிலிருந்தும் நம் அங்கத்தினர்கள் எனக்குப் போன் செய்கிறார்கள். ஊர்தான் வேறே தவிர கேள்வி ஒன்றுதான். "பையனுக்கு சி.பி.எல். கிடைத்துவிட்டது. ஒரு விமானக் கம்பெனி எடுத்துக்கொள்கிறேன் என்கிறது. ஆனால் டைப் ரேட்டிங் செலவை நீங்களே கட்ட வேண்டும் என்கிறது. இருபது லட்சம் ஆகுமாம். கட்டலாமா, மாமா?"

சுற்றி வளைக்காமல் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எழுத்து மூலமான வேலை உத்தரவு கையில் வருவதற்கு முன்னால் டைப் ரேட்டிங்குக்காக ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். உத்தரவு வந்த பிறகு கட்டலாம். ஆனால் பணத்தையும் வாங்கிக்கொண்டு, பெரிய தொகைக்கு பாண்டும் எழுதி வாங்கும் கம்பெனியிடம் பேரம் பேசாமல் கையெழுத்துப் போடாதீர்கள். குடியிருக்கும் ஒரே வீட்டை அடமானம் வைத்து எந்தக் கட்டத்திலும் கட்டாதீர்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை விளக்குவதுதான் இந்த உரை.

லைசென்ஸ் வேறு, டைப் ரேட்டிங் வேறு

இந்தத் துறைக்குப் புதியவர்களுக்காக இரண்டு வார்த்தை. சி.பி.எல். என்பது வணிக விமானி லைசென்ஸ். நம் நாட்டில் அதற்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். டி.ஜி.சி.ஏ. நடத்தும் பரீட்சைகளில் தேற வேண்டும். முதல் வகுப்பு மருத்துவத் தகுதிச் சான்று வேண்டும். ரேபரேலிக்கு அருகே ஃபர்சத்கஞ்சில் இருக்கும் இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உரான் அகாடமி, மகாராஷ்டிரத்தில் கோண்டியா, இன்னும் பல தனியார் பள்ளிகள், அமெரிக்கா, தென் ஆப்பிரிக்கா என்று போய் இதைப் படிக்கிறார்கள். செலவு சாதாரணமாக 50 லட்சத்துக்கு மேல். பல இடங்களில் 80 லட்சத்தையும் தொடுகிறது.

இந்த 200 மணி நேரமும் பெரும்பாலும் சிறிய விமானங்களில் பறந்தது. அந்த லைசென்ஸை வைத்துக்கொண்டு ஏர்பஸ் ஏ320 விமானத்தின் வலது இருக்கையில் போய் உட்கார முடியாது. அந்தக் குறிப்பிட்ட ரக விமானத்துக்கென்று தனியாகப் பயிற்சி எடுத்து, லைசென்ஸில் பதிவு வாங்க வேண்டும். அதுதான் டைப் ரேட்டிங். சில வாரம் வகுப்பு, பிறகு சிமுலேட்டர், பிறகு பரிசோதகர் முன் தேர்வு என்று ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும். அதன் பிறகு பயணிகள் இல்லாத நிஜ விமானத்தில் ஏறி இறங்கிக் காட்ட வேண்டும். இன்றைக்கு இதற்கெல்லாம் சேர்த்துச் சுமார் 15 முதல் 25 லட்சம் வரை ஆகிறது.

அதோடும் முடியவில்லை. அடுத்தது லைன் டிரெயினிங். பயணிகளோடு பறக்கும் விமானத்தில், பயிற்றுநர் கேப்டன் பக்கத்தில் உட்கார்ந்து பல மாதம் பறந்து, கடைசிப் பரிசோதனையில் தேறினால்தான் முழுமையான துணை விமானி. இந்தக் கட்டத்தை ஒரு விமானக் கம்பெனியால் மட்டுமே தர முடியும். பணம் கொடுத்துக் கடையில் வாங்கும் வஸ்து அல்ல இது. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் மீதியெல்லாம் தானாக விளங்கும். கம்பெனி இல்லாமல் வாங்கிய டைப் ரேட்டிங் பாதிப் பாலம் மாதிரி.

செலவு குடும்பத்தின் தலையில் வந்த கதை

இண்டியன் ஏர்லைன்ஸ் காலத்தில் தேர்வானவர்களை ஹைதராபாத்தில் இருந்த மத்தியப் பயிற்சி நிலையத்துக்கு அனுப்புவார்கள். பயிற்சிச் செலவு கம்பெனியுடையது. அதற்குப் பதிலாக இத்தனை வருஷம் வேலை செய்கிறேன் என்று எழுதிக் கொடுப்போம். அந்தக் காலத்தில் நாட்டில் இருந்த விமானங்களும் குறைவு, லைசென்ஸ் எடுத்தவர்களும் குறைவு.

2003-ல் கேப்டன் கோபிநாத் ஏர் டெக்கானை ஆரம்பித்தார். 2005-ல் கிங்ஃபிஷர், ஸ்பைஸ்ஜெட், கோஏர் மட்டுமல்லாமல் நம் தமிழ்நாட்டைச் சேர்ந்த பாரமவுண்டும் வந்தன. 2006-ல் இண்டிகோ வந்தது. விமானி பஞ்சம் என்று தினமும் பத்திரிகையில் செய்தி. இதைப் பார்த்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கடன் வாங்கிப் பிள்ளைகளை வெளிநாட்டுப் பறக்கும் பள்ளிகளுக்கு அனுப்பின. அவர்கள் லைசென்ஸோடு திரும்பி வந்தபோது 2008. எண்ணெய் விலை ஏறி, உலகப் பொருளாதாரம் சரிந்து, கம்பெனிகள் ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டிருந்தன. பஞ்சம் இருந்தது கேப்டன்களுக்கு. குவிந்து நின்றவர்கள் 200 மணி நேரக்காரர்கள்.

இந்த வித்தியாசத்தைப் பெற்றோர் கவனிப்பதில்லை. 2023-ல் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும், அதே வருஷம் இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்தன. ஒரு விமானத்தை இடைவிடாமல் ஓட்டப் பத்துப் பன்னிரண்டு விமானிகள் வேண்டும் என்பது வாஸ்தவம். ஆனால் ஆர்டர் கொடுத்த விமானம் வந்து சேரப் பல வருஷம் ஆகும். வந்தாலும் ஒவ்வொன்றிலும் பாதி இடம் கேப்டனுக்கு. கேப்டனாக வேண்டுமானால் ஏ.டி.பி.எல். வேண்டும், அதற்கு 1500 மணி நேர அனுபவம் வேண்டும். 2025 டிசம்பரில், விமானிகளின் ஓய்வு நேரத்தைக் கூட்டிய புது விதி முழுமையாக அமலுக்கு வந்த சில வாரங்களில், இண்டிகோவின் சில ஆயிரம் விமானங்கள் ரத்தானது உங்களுக்கு நினைவிருக்கும். அப்போதும் "விமானி பற்றாக்குறை" என்றுதான் தலைப்புச் செய்தி வந்தது. அதைப் படித்துவிட்டு, மறுநாளே நம் பையனுக்கு வேலை காத்திருக்கிறது என்று கணக்குப் போடக் கூடாது.

ஒரு பக்கம் இருக்கை கொஞ்சம், இன்னொரு பக்கம் வரிசை நீளம். இப்படிப்பட்ட இடத்தில் கம்பெனிக்குத் தன் பணத்தைச் செலவழிக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. "பயிற்சி கொடுத்தால் அடுத்த கம்பெனிக்கு ஓடிவிடுகிறார்கள்" என்பது அவர்கள் சொல்லும் காரணம். அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. ஓடுவதைத் தடுக்கத்தானே 2017-ல் டி.ஜி.சி.ஏ.யே கேப்டன் விலக 12 மாதமும், துணை விமானி விலக 6 மாதமும் முன்கூட்டி நோட்டீஸ் தர வேண்டும் என்று விதி செய்தது.

நாலு விதமான பேரம்

"சொந்தச் செலவில் பயிற்சி" என்று ஒரே பெயரில் சொன்னாலும் இதில் நாலு வகை இருக்கிறது. நான்கும் ஒன்றல்ல.

முதல் வகை: கம்பெனி தேர்ந்தெடுத்து வேலை உத்தரவு கொடுக்கிறது. டைப் ரேட்டிங் செலவைக் கம்பெனியே போட்டு, சில வருஷத்துக்கு பாண்டு வாங்கிக்கொள்கிறது, அல்லது சம்பளத்தில் மாதா மாதம் பிடித்துக்கொள்கிறது. கிடைத்தால் யோசிக்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது: கம்பெனி தேர்ந்தெடுக்கிறது, உத்தரவு கொடுக்கிறது, டைப் ரேட்டிங் செலவை மட்டும் நம்மைக் கட்டச் சொல்கிறது. இன்று மிகவும் சகஜமாக இருப்பது இதுதான். நிபந்தனைகளோடு ஏற்கலாம். அந்த நிபந்தனைகளைப் பின்னால் சொல்கிறேன்.

மூன்றாவது, கேடட் திட்டம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த குழந்தையைத் தேர்வு செய்து, சி.பி.எல். முதல் டைப் ரேட்டிங் வரை ஒரே கட்டணம். மொத்தம் ஒரு கோடியைத் தாண்டும். ஆரம்பத்திலேயே திறமைச் சோதனை நடத்துகிறார்கள், பயிற்சியின் தரம் ஒரே சீராக இருக்கிறது. இவை நல்ல அம்சங்கள். ஆனால் அவர்கள் கொடுக்கும் கடிதத்தை இரண்டு முறை படியுங்கள். பெரும்பாலும் "கம்பெனியின் அப்போதைய தேவைக்கு உட்பட்டு" என்று ஒரு வரி இருக்கும். இரண்டு வருஷம் கழித்துத் தேவை இல்லை என்றால் என்ன ஆகும், கட்டணத்தில் எந்தப் பகுதி திரும்பும் என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

நாலாவது: எந்தக் கம்பெனியும் கூப்பிடவில்லை. "கையில் ஏ320 ரேட்டிங் இருந்தால் உடனே வேலை" என்று ஏஜெண்டு சொல்வதை நம்பி நாமே போய்க் கட்டுவது. இதை அடியோடு வேண்டாம் என்கிறேன். ரேட்டிங் எடுத்துவிட்டு விமானத்தில் கை வைக்காமல் மாதக்கணக்கில் வீட்டில் உட்கார்ந்திருந்தால் கற்றது மங்கிவிடும். பயிற்சியைப் புதுப்பிக்க மறுபடி சிமுலேட்டருக்குப் பணம் கட்ட வேண்டும். எந்த ரகம் என்பதிலும் சூதாட்டம் இருக்கிறது. 2019-ல் ஜெட் ஏர்வேஸ் நின்றபோது போயிங் 737 ரேட்டிங் உள்ளவர்கள் கும்பலாக வேலை தேட வந்தார்கள். வளர்ந்துகொண்டிருந்த கம்பெனிகளில் பெரும்பாலானவற்றிடம் இருந்ததோ ஏ320. அதே 2019 மார்ச்சில் 737 மேக்ஸ் விமானத்தை நம் அரசு தரையிறக்கியது. 2021 ஆகஸ்டில்தான் மறுபடி அனுமதித்தது. இதையெல்லாம் முன்கூட்டி எந்த ஏஜெண்டாலும் சொல்ல முடியாது.

இந்த நான்கிலும் சேராத ஒன்று வெளிநாடுகளில் உண்டு. பயணிகளோடு பறக்கும் மணி நேரத்துக்கே துணை விமானி பணம் கட்டுவது. அதாவது வேலை செய்ய வேலைக்காரன் கூலி கொடுப்பது. ஐரோப்பிய விமானிகள் சங்கங்கள் இதைப் பல வருஷமாக எதிர்த்து வருகின்றன. நம் குழந்தைகள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

வட்டிக் கணக்கு

நம்மவர்களுக்குக் கணக்கு சொன்னால்தான் திருப்தி. ஆகவே ஒரு உதாரணம். சி.பி.எல்.லுக்கு 75 லட்சம் கடன், வட்டி 11 சதவீதம், பத்து வருஷத் தவணை என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை சுமார் 1,03,000 ரூபாய். டைப் ரேட்டிங்குக்கு இன்னொரு 20 லட்சம் சேர்த்தால் தவணை 27,500 கூடி, 1,30,000-க்கு மேல் போய்விடுகிறது.

இப்போது வேலை கிடைக்காமல் பதினெட்டு மாதம் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 75 லட்சத்துக்கு மாத வட்டி மட்டும் 68,750. பதினெட்டு மாதத்துக்கு 12,37,500. நாலாவது வகையில் டைப் ரேட்டிங்கையும் முன்னாலேயே வாங்கியிருந்தால் இதே பதினெட்டு மாத வட்டி 15,67,500. காத்திருப்பது இரண்டு பேருக்கும் ஒன்றுதான். அவசரப்பட்டவர் மட்டும் 3,30,000 ரூபாய் கூடுதலாக வட்டி கட்டி, புதுப்பிக்கும் செலவையும் எதிர்பார்த்து நிற்கிறார்.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். உத்தரவு கையில் இருக்கும்போது, கொள்கை பேசி, 20 லட்சம் கட்ட மாட்டேன் என்று ஒரு வருஷம் வீட்டில் உட்கார்ந்தால் அதுவும் நஷ்டம்தான். சீனியாரிட்டி சேர்ந்த தேதியிலிருந்து கணக்கு. 1500 மணி நேரத்தை நோக்கிய ஓட்டம் முதல் நாள் பறந்ததிலிருந்து ஆரம்பம். ஒரு வருஷம் முன்னால் இருக்கையில் உட்கார்ந்தவர், அந்த வருஷத்துச் சம்பளத்திலேயே போட்ட பணத்தின் பெரும்பகுதியை எடுத்துவிடலாம். இதனால்தான் இரண்டாவது வகையை நான் அடியோடு தள்ளவில்லை.

கம்பெனியே நின்றுவிட்டால்?

கிங்ஃபிஷர் 2012 அக்டோபரில் நின்றது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17-ந் தேதி கடைசி விமானத்தை ஓட்டியது. கோ ஃபர்ஸ்ட் 2023 மே 3-ந் தேதி நிறுத்தியது. ஜெட்டை மீட்க ஐந்து வருஷத்துக்கு மேல் முயற்சி நடந்து, கடைசியில் 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் கலைக்க உத்தரவிட்டது. கோ ஃபர்ஸ்டைக் கலைக்கும் உத்தரவு 2025 ஜனவரியில் வந்தது. இவையெல்லாம் ஊரறிந்த பெரிய கம்பெனிகள்.

இப்படி ஆகும்போது பணம் திரும்பும் வரிசையை 2016-ம் வருஷத்துத் திவால் சட்டம் சொல்கிறது. வழக்குச் செலவு, பிறகு அடமானம் வாங்கிய வங்கிகளும் தொழிலாளர் பாக்கியும், பிறகு மற்ற ஊழியர் சம்பளம் என்று போகும். பயிற்சிக்காக முன்பணம் கட்டிய குடும்பம் அந்த வரிசையின் கடைசிப் பக்கத்தில் நிற்கும். ஆகவே மொத்தப் பணத்தையும் ஒரே செக்கில் கொடுக்காதீர்கள். வகுப்பு ஆரம்பிக்கும்போது ஒரு பகுதி, சிமுலேட்டர் தேதி உறுதியானதும் ஒரு பகுதி, பரிசோதனை முடிந்ததும் மீதி என்று கேளுங்கள். முடிந்தவரை டி.ஜி.சி.ஏ. அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையத்துக்கே நேராகக் கட்டி ரசீது வாங்குங்கள்.

பாண்டைப் பற்றி

பாண்டு என்றால் சட்டப்படி செல்லாது என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், மூன்று வருஷத்துக்குள் விலகினால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. ஒருவரை வற்புறுத்தி வேலையில் வைத்திருக்க முடியாது. ஆனால் விலகினால் நஷ்டஈடு கேட்கலாம். ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவுப்படி பாண்டில் எழுதிய தொகை உச்சவரம்பு. அதற்குள் நியாயமான நஷ்டஈடுதான் கிடைக்கும்.

அப்படியானால் பயிற்சிச் செலவை நாமே கட்டியிருக்கும்போது கம்பெனிக்கு என்ன நஷ்டம்? கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் கோர்ட் படியேறிப் பல வருஷம் கழித்துக் கேட்பதைவிட, கையெழுத்துக்கு முன்னால் மேஜையில் உட்கார்ந்து கேட்பது சுலபம். லைன் டிரெயினிங்குக்குக் கம்பெனி செலவழிக்கிறது, அதற்காக ஒரு சிறு தொகைக்கு, ஒன்றிரண்டு வருஷத்துக்கு பாண்டு கேட்டால் தப்பில்லை. நாம் 20 லட்சம் கட்டிய பிறகு இன்னும் பெரிய தொகைக்கு ஐந்து வருஷம் என்றால் அது இரட்டைக் கட்டு. அப்பாவை ஜாமீன்தாரராகப் போடச் சொன்னால் வக்கீலைக் கேட்காமல் போடாதீர்கள். தேதி போடாத செக் கொடுக்காதீர்கள். அது திரும்பினால் கிரிமினல் வழக்காகும். மூல சர்டிபிகேட்டுகளை ஒப்படைக்காதீர்கள். சரிபார்க்கக் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

கட்டுவதற்கு முன் ஐந்து கேள்வி

ஒன்று, வேலை உத்தரவில் சேரும் தேதியும் பதவியும் இருக்கிறதா, அல்லது "தேவையானால் கூப்பிடுவோம்" என்று இருக்கிறதா? இரண்டு, டைப் ரேட்டிங் முடிந்த எத்தனை மாதத்துக்குள் லைன் டிரெயினிங் ஆரம்பமாகும், தாமதமானால் உதவித்தொகை உண்டா? விமானம் வந்து சேர்வது தள்ளிப்போனால் புதிதாகச் சேர்ந்தவர்தான் முதலில் காக்க வைக்கப்படுவார். மூன்று, கம்பெனி நம்மை எடுக்காமல் விட்டால் பணத்தில் எவ்வளவு திரும்பும்? நாலு, பாண்டு தொகை வருஷா வருஷம் குறைகிறதா? ஐந்து, பரிசோதனையில் ஒரு முறை தவறினால் மறு பயிற்சிச் செலவு யாருடையது? ஐந்துக்கும் எழுத்தில் பதில் வந்தால் கட்டலாம். "அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம் சார்" என்று வாயால் சொன்னால் எழுந்து வந்துவிடலாம்.

கடனும் காக்பிட்டும்

இது பணத்தோடு மட்டும் போகிற விஷயம் அல்ல. நான் பயிற்றுநராக இருந்த வருஷங்களில் புதுத் துணை விமானிகளிடம் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்வேன்: "களைப்பாக இருந்தால் சொல். கேப்டன் செய்வது தப்பு என்று தோன்றினால் சொல்." லைசென்ஸைத் தவிர வேறு ஆதாரம் இல்லாமல், ஒன்றேகால் லட்சம் தவணையோடு உட்கார்ந்திருக்கும் பையனுக்கு அதைச் சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். ஜுரம் என்று லீவு போடவே பயப்படுவான்.

2009 பிப்ரவரியில் அமெரிக்காவில் பஃபலோ அருகே கோல்கன் விமானம் விழுந்து, விமானத்தில் இருந்த 49 பேரும் தரையில் ஒருவரும் இறந்தார்கள். கேப்டன் தவறாகக் கையாண்டதே காரணம் என்று விசாரணை சொன்னது. விசாரணையின்போது துணை விமானிகளின் குறைந்த சம்பளம், களைப்பு, அவர்கள் பயிற்சி பெற்ற விதம் எல்லாம் வெளிச்சத்துக்கு வந்தன. அதன் பிறகுதான் அங்கே துணை விமானிக்கே 1500 மணி நேரம் வேண்டும் என்று 2013-ல் விதி வந்தது. பின்னால் உட்கார்ந்து பிரயாணம் செய்யும் நமக்கும், முன்னால் இருப்பவரின் கடனில் ஒரு அக்கறை இருக்கத்தான் வேண்டும்.

மருத்துவத் தகுதியும் அப்படித்தான். வருஷா வருஷம் சோதனை. சர்க்கரை, காது, முதுகு என்று ஏதாவது ஒன்று வந்தால் சில மாதம் பறக்க முடியாமல் போகலாம், சிலருக்கு நிரந்தரமாகவும் போகும். கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் அன்றே லைசென்ஸ் இழப்புக் காப்பீடு எங்கே கிடைக்கும் என்று விசாரியுங்கள். முதல் வகுப்பு மருத்துவச் சோதனையைப் பறக்கும் பள்ளிக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் செய்துவிடுங்கள், பின்னால் அல்ல.

கட்ட முடியாதவர்களுக்கு

20 லட்சம் இல்லையென்றால் கதவு மூடிவிட்டதாக அர்த்தம் இல்லை. பயிற்றுநர் தகுதி எடுத்துப் பறக்கும் பள்ளியில் சொல்லிக் கொடுத்தால் சம்பளமும் வரும், மணி நேரமும் சேரும். கற்றதும் மறக்காது. பட்டப்படிப்பில் இயற்பியலும் கணிதமும் இருந்தால் விமான நிலைய ஆணையத்தின் ஏ.டி.சி. தேர்வு எழுதலாம். கௌரவமான உத்தியோகம். இன்னும் பள்ளியில் இருக்கும் குழந்தையானால் என்.டி.ஏ. வழியாக விமானப்படை. அங்கே பறக்கக் கற்றுக்கொடுத்துச் சம்பளமும் தருகிறார்கள். சி.பி.எல். ஆரம்பிக்கும்போதே தபால் வழியிலாவது ஒரு டிகிரியைப் படித்து வையுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்கிறேன். 2020 மார்ச் 25 முதல் மே 25 வரை நாட்டில் உள்நாட்டு விமானப் போக்குவரத்தே நின்றுபோனபோது, கையில் இன்னொரு படிப்பு இருந்தவர்கள் கொஞ்சம் நிம்மதியாக மூச்சு விட்டார்கள்.

அமர்வின் முடிவில் கேட்கப்பட்ட சில கேள்விகள்

கேள்வி: பெண்ணின் கல்யாணத்துக்கென்று சேர்த்த பணம் இருக்கிறது. அவளே விமானியாக வேண்டும் என்கிறாள். அதை எடுக்கலாமா?

பதில்: நம் நாட்டு விமானிகளில் ஏறக்குறைய 15 சதவீதம் பெண்கள். உலக சராசரியைவிட இது பல மடங்கு. தயங்க வேண்டாம். அவள் பணம், அவள் படிப்புக்குப் போகட்டும். ஆனால் பையனுக்குச் சொன்ன அதே ஐந்து கேள்வி அவளுக்கும் உண்டு. உங்கள் ஓய்வூதியக் காலத்துக்கான பணத்தை மட்டும் தொடாதீர்கள். அதில் கை வைத்தால் பின்னால் அந்தச் சுமையும் அவள் தலையில்தான் விழும்.

கேள்வி: ரேட்டிங் உள்ளவர்களுக்கு மட்டும் என்று சில விளம்பரங்கள் வருகின்றனவே?

பதில்: வருகின்றன. அவற்றில் கூடவே இத்தனை மணி நேரம் அந்த ரகத்தில் பறந்த அனுபவம் வேண்டும் என்றும் பல சமயம் இருக்கும். விளம்பரத்தை முழுவதும் படியுங்கள். வெறும் ரேட்டிங் மட்டும் போதும் என்று ஒரு கம்பெனி அழைத்தால், முதலில் நேர்முகமும் சிமுலேட்டர் சோதனையும் நடத்திவிட்டு, நிபந்தனையோடு உத்தரவு கொடுங்கள், இரண்டு மாதத்தில் ரேட்டிங்கோடு வருகிறேன் என்று கேட்டுப் பாருங்கள். மறுத்தால் அடுத்த வாய்ப்புக்குக் காத்திருங்கள்.

கேள்வி: சென்னையில் பூர்வீக வீடு ஒன்று இருக்கிறது. வங்கி அதை ஈடாகக் கேட்கிறது.

பதில்: ஏழரை லட்சத்துக்கு மேல் கல்விக் கடனுக்குப் பொதுவாக ஈடு கேட்பார்கள். வேறு வீட்டில் குடியிருந்து, இது கூடுதல் சொத்து என்றால், சகோதரர்கள் சம்மதத்தோடு சி.பி.எல். கடனுக்கு வைக்கலாம். பிறகு அதே வீட்டின் பேரில் டைப் ரேட்டிங்குக்கு இரண்டாவது கடன் வாங்குவது மட்டும், வேலை உத்தரவு கைக்கு வந்த பிறகு. பழைய வருமான வரி முறையில் இருப்பவர்களுக்குக் கல்விக் கடன் வட்டிக்கு எட்டு வருஷம் கழிவு உண்டு. இந்தக் கடனுக்குப் பொருந்துமா என்று ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாகச் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நம் கிளைகளில் வக்கீல்கள் இருக்கிறார்கள், வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் இருக்கிறார்கள், என்னைப் போல் ஒன்றிரண்டு விமானிகளும் இருக்கிறோம். இப்படி ஒரு ஒப்பந்தம் எந்த அங்கத்தினர் வீட்டுக்கு வந்தாலும், கையெழுத்துக்கு முன்னால் மூன்று பேர் உட்கார்ந்து படித்துச் சொல்லும் ஒரு சிறு குழுவை ஏற்படுத்தினால் போதும். அரை நாள் வேலை. ஒரு குடும்பத்தின் இருபது வருஷச் சேமிப்பு அதில் தப்பலாம். நான் முதல் ஆளாகப் பெயர் கொடுக்கிறேன்.